மீனிடம் சாட்சியம்

கேள்வி: இங்கிலாந்தின் டெஸ்ட் நதியில் டிரவுட் மீன் பிடிக்க முதன்முறையாகச் செல்கிறேன். எத்தனை வகைப் போலிப் பூச்சிகளைக் கொண்டுபோக வேண்டும்?

பதில்: பெட்டியை நிரப்புமுன் அந்நதியின் சுபாவத்தை அறிந்துகொள்ளுங்கள். ஹாம்ப்ஷயரின் சுண்ணாம்புப் பாறைகளுக்குள் இறங்கித் தங்கிய மழைநீரே ஊற்றுகளாய்ப் பிறந்து ஸ்படிகம்போல் தெளிந்தோடுவதால், நீங்கள் மீனைக் காணுமுன் மீன் உங்களைக் கண்டுவிடும். ஆகாரம் மிதந்துவரும் மேல்திசையை நோக்கியே அது நிற்குமாகையால், கீழ்ப்புறமிருந்து, நிழல் நீரில் விழாதவாறு, அதன் முதுகுப்பக்கமாக அணுகுவதே உத்தமம். மே மாதக் கடைசியென்றால் மேஃப்ளை என்னும் ஈசலொத்த பூச்சியின் போலியே பிரதானம். மற்றக் காலங்களில் சிறிய ஆலிவ் நிறப் பூச்சிகள் போதும். போலிப் பூச்சி மிதப்பதா, அமிழ்வதா என்பது பழைய வழக்கு. மிதக்கும் பூச்சியே சிலாக்கியமென்று 1886இல் ஹால்ஃபோர்டு என்னும் தூண்டில்காரர் நூல் எழுதினார். நீருக்குள் அமிழும் இளம்பூச்சியின் உருவமும் நியாயமே என்று 1910இல் வாதாடிய மற்றொரு தூண்டில்காரரான ஸ்கூஸோ, பிடித்த மீனின் வயிற்றைச் சோதித்து, சம்பந்தப்பட்டவரிடமே சாட்சியம் வாங்கியவர். என் அபிமானம் ஸ்கூஸின் பக்கமே. ஆயினும் டெஸ்டின் கரைகளில் பலவும் தனியார் வசமிருப்பதால், எந்தப் பூச்சிக்கு அனுமதி என்பதை அங்குள்ள நதிக்காவலரிடம் முன்கூட்டியே விசாரித்து, தூண்டில் உரிமச் சீட்டையும் வாங்கிவிடுங்கள்.