மட்டக்களப்பு வாவிக்கரை மாணாக்கரின் ‘எமது மண்ணுக்குச் சேவை’: மருத்துவபீடம் புகுவோர் மொழியும் ஒற்றை வாக்கியம் பற்றிய பன்முகப் பார்வை

1. முன்னுரை

ஆய்வுக் கட்டுரை எதுவானாலும் தொல்காப்பியத்தில் தொடங்க வேண்டும் என்பது நம் பல்கலைக்கழகங்களின் எழுதாச் சட்டம். தொல்காப்பியரோ மருத்துவபீட அனுமதி பற்றி ஒரு சூத்திரமும் செய்யவில்லை. இதைத்தான் ‘ஆய்வு இடைவெளி’ என்கிறார்கள். அந்த இடைவெளிக்குள் கதிரை போட்டு அமர்ந்து இக்கட்டுரையை எழுதுகிறோம்.

2. ஆய்வுப் பொருள்

உயர்தரப் பெறுபேறு வெளியாகிறது. உயிரியல் பிரிவில் மூன்று ஏ எடுத்த பிள்ளையின் வீட்டு முற்றத்தில் செருப்புகள் குவிகின்றன. யாரோ ஒருவர் கைபேசியை நீட்டி, “டொக்டராகி என்ன செய்யப் போறீங்கள்?” என்கிறார். பிள்ளை எச்சிலை விழுங்கிவிட்டு, “எமது மண்ணுக்குச் சேவை செய்வேன்” என்கிறது. வாழைச்சேனையில் சொன்னாலும் களுவாஞ்சிகுடியில் சொன்னாலும் வாக்கியம் ஒன்றே. எச்சில் விழுங்கும் இடமும் ஒன்றே (மாமி, வேலியோரம், அன்று மாலை).

3. ஒப்பாய்வு

இப்பிள்ளையின் மச்சாள் இலண்டனில் இருக்கிறாள். அவளும் மருத்துவத்துக்குத்தான் விண்ணப்பிக்கிறாள். தான் என்ன தரப்போகிறாள் என்பதைப் பிரித்தானியப் பல்கலைக்கழக அனுமதிக்கான யூகாஸ் படிவத்தில் இடைவெளிகள் உட்பட 4000 எழுத்துக்குறிகளுக்குள் அவள் அடக்க வேண்டும். 2026 அனுமதியிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள்; 4000 மட்டும் மாறவில்லை. அமெரிக்காவிலுள்ள ஒன்றுவிட்ட அண்ணனுக்கு 5300. முதியோர் இல்லத்தில் தேநீர் பரிமாறியது, அந்தத் தேநீர் ஆறிய கணத்தில் வாழ்வின் பொருள் விளங்கியது எல்லாம் அங்கே எழுதப்படும்.

நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் படிவத்தில் இதற்கென ஒரு கட்டமும் கிடையாது. 2001 தொடக்கம் தெரிவுக்கு இசட் புள்ளி இருக்கிறது. நூற்றுக்கு 40 பேர் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 பேர் மாவட்ட அடிப்படையில், எஞ்சிய 5 பேர் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முடிந்தது. இலண்டனில் எடுப்பதற்கு முன் கேட்கிறார்கள், இங்கே எடுபட்ட பின் கேட்கிறார்கள். விடை எதையும் மாற்றாது என்பதால், எல்லோரும் சித்தியடையும் ஒரே தேர்வு இதுதான்.

4. ‘மண்’

கரையோரம் மணல், வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்களில் களி. மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

5. ‘சேவை’

சுகாதார அமைச்சின் வருடாந்த இடமாற்றப் பட்டியலைக் காண்க.

6. பதாகை

நீ என்ன தருவாய் என்று பிள்ளையைக் கேட்கும் ஊர், தான் பிள்ளைக்கு என்ன தந்தது என்பதைச் சந்தியில் பதாகையாகக் கட்டுகிறது. பாடசாலை ஒன்று, விளையாட்டுக் கழகம் ஒன்று, கோயில் நிருவாகம் ஒன்று. இரசாயன வகுப்பு ஆசிரியரும் பௌதிக வகுப்பு ஆசிரியரும் ‘எமது மாணவி’ என்று தனித்தனியே உரிமை கோருவர். ஒரு பேப்பர் கிளாசுக்கு வந்து பாதியில் எழுந்து போனவள் என்றாலும் அந்த நிலையத்துக்கும் அவள் மாணவியே. அரசியல்வாதியின் படம் பிள்ளையின் படத்தை விடப் பெரிதாக இருக்கும். தேர்தல் நெருங்க இன்னும் வளரும் (ஓட்டோச் சாரதி, ஊறணிக்கும் கல்லடிப் பாலத்துக்கும் இடையில், கட்டணம் பேசி முடிந்த பிறகு). அதிகாலையில் எழும்பித் தேத்தண்ணி போட்ட தாயின் படம் எந்தப் பதாகையிலும் இல்லை.

7. பாய்

ஆய்வின் உயிர்நிலை இதுவே. மட்டக்களப்பில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழி வரும். வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. கட்டியவன் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் இது வழக்கம். கொலராடோப் பல்கலைக்கழக மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே பல ஆண்டுகள் இக்கரையோரத்தில் ஆய்ந்து 2008இல் இதையெல்லாம் புத்தகமாக்கினார். அதன் பயனாக நம் கலாநிதிகள் தங்கள் அம்மம்மாவின் வீடு யாருக்குப் போகும் என்பதை இப்போது பக்க எண்ணோடு சொல்கிறார்கள்.

இனி முக்கியமான கேள்வி. பத்தொன்பது வயதுப் பையன் ‘எமது மண்’ என்கிறானே, அது எந்த மண்? அவன் பிறந்த வளவு அக்காவுக்கு. அவன் போய் இருக்கப்போகும் வளவு இன்னும் பேசி முடிக்காத மாமியாருடையது. ஆகவே கைபேசிக்கு முன் அவன் தரும் வாக்குறுதி, முகவரி எழுதாத கடிதம். பெண்பிள்ளை சொன்னால் மட்டுமே இவ்வாக்கியத்துக்கு உறுதி எழுதலாம். இந்த வேறுபாட்டை முந்தைய ஆய்வாளர் எவரும் கவனிக்கவில்லை. முந்தைய ஆய்வாளர் எவரும் இல்லை என்பதும் காரணமாகலாம்.

இவ்விடத்தில் பழைய கதையொன்று உதவிக்கு வருகிறது. மட்டக்களப்புக்கு வந்தவனைப் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்பது யாழ்ப்பாணத்துத் தாய்மார் இன்றும் மகனை வழியனுப்பும்போது சொல்லும் எச்சரிக்கை. மந்திரம் என்பர் சிலர். நண்டுக்கறி என்பது எமது துணிபு (குருமண்வெளித் துறையில் ‘பாதை’ எனும் மிதவைக்குக் காத்திருந்த முதியவர்: பாதை வருமுன் ஒரு கருத்து, பாதை வந்தபின், மண்டூரில் இறங்கும் வரை, திருத்திய இரண்டாம் பதிப்பு, இறங்கியதும் இரண்டையும் மறுத்து மகள் எழுதிய அணிந்துரை). எதுவானாலும், வந்தவர் திரும்பவில்லை என்பதே தரவு.

ஐந்து வருடம் படித்து, ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி முடித்த வைத்தியரை ஒரு கிராமிய வைத்தியசாலையில் நிறுத்தி வைக்க அரசுக்குச் சுற்றுநிருபங்களைத் தவிர வேறு கருவி இல்லை. பாயை யாரும் பரிசீலிக்கவில்லை. படுவான்கரை வைத்தியசாலைகளின் விடுதிகளுக்கு ஆளுக்கொரு பன்பாய் வழங்கலாம். கட்டிலைப் போல டெண்டர் தேவையில்லை. நெய்யத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு; நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் கூட்டம் கூட்டமாக நாடு கடந்தார்கள். கடவுச்சீட்டில் ஒட்டும் விசாவின் பசை, பாயின் பசையை விட வலியது என்று இதனால் முடிவுகட்டலாமா? கூடாது. அவர்கள் மெத்தையில் படுத்தவர்களாக இருக்கக்கூடும் (ஆரையம்பதிச் சந்தைப் பாய்க்கடை, வாய்மொழி, வியாபாரம் மந்தமான வேளை; வாங்குவதாகச் சொன்ன பின் விரிவாக்கப்பட்டது; வாங்காமல் எழுந்தபோது முற்றாக மீளப்பெறப்பட்டது).

8. ஆய்வின் எல்லைகள்

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் பற்றி எழுதியவர்களில் பாதிப்பேர் இரவில் கல்லடிப் பாலத்துக்குப் போகாதவர்கள். நாமும் எந்த மாணவரையும் நேரில் கண்டு கேட்கவில்லை. இது துறையின் தரத்துக்கு இசைவானதே.

9. வேண்டுகோள்

மேலதிக ஆய்வு தேவை, எப்போதும் தேவை. வைத்திய மருமகன் பத்து வருடத்துக்கு மேல் தங்கியிருக்கும் வீட்டார், அவர் படுத்த பாயை ஆய்வுக்குத் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறோம். பாய் ஒரு வாரத்தில் பத்திரமாகத் திருப்பித் தரப்படும். அந்த ஒரு வாரத்தில் மருமகன் எங்காவது போய்விட்டால் ஆய்வாளர் பொறுப்பல்ல.