அடுத்தவர் குரலில்

எண்பதுகளில் ஸ்ரீரங்கத்தில் பாட்டு கற்றுக்கொண்ட எங்களுக்கு, பாட்டு இயற்றியவர் என்றாலே காலமானவர்தான். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி, பட்டணம் சுப்ரமணிய ஐயர் எல்லோரும் மாலை போட்ட படங்கள். அதனால் சித்திரை வீதியில் எங்கள் வாத்தியார் சாருகேசியில் ஒரு வர்ணத்தை ஆரம்பித்தபோது, அதுவும் அந்த வரிசையில் வந்த பழைய உருப்படி என்றே நினைத்துக்கொண்டோம். பாதி பாடமான பிறகுதான் ஒருத்தி வாய் திறந்து கேட்டாள்.

"இது யார் பண்ணினது மாமா?"

"லால்குடி."

"அவர் எந்தக் காலத்திலே இருந்தார்?"

"இருந்தாரா? இருக்கார்டி! ரேடியோவிலே வயலின் கேக்கறியே, அவரேதான்."

கொள்ளிடத்துக்கு அக்கரை. ரயிலில் ஏறினால் வாளாடி தாண்டி லால்குடி. அந்த ஊர்க்காரர், உயிரோடு இருப்பவர், வர்ணம் செய்திருக்கிறார் என்பதை எங்களால் சட்டென்று ஜீரணிக்க முடியவில்லை.

லால்குடி ஜெயராமன் 1930-இல் பிறந்தார். தகப்பனார் கோபால ஐயரிடம் பாடம். தியாகராஜரின் சிஷ்ய பரம்பரையில் வந்த குடும்பம். அவர் பெரிய வயலின் வித்வான் என்பது ஊருக்கே தெரியும். நாட்டிய வகுப்புகளில் அவருடைய தில்லானாக்களுக்குச் சலங்கை ஒலித்துக்கொண்டிருந்ததும் தெரியும். வாசிப்பவரும் இயற்றியவரும் ஒரே ஆள் என்பது மட்டும் பல பேருக்கு உறைக்கவில்லை. ஒருவர் இருக்கும்போதே அவருடைய உருப்படி இப்படிப் பழைய சொத்தாகிவிடுவதைவிடப் பெரிய விருது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2013-இல் அவர் மறைந்த செய்தி வந்த அன்று, எங்கள் தெருவில் பாட்டு கற்ற பெண்களில் அவருடைய உருப்படி ஒன்றாவது தெரியாதவர் இல்லை.

அந்த வர்ணம் எங்கள் வாத்தியாரிடம் வந்தது கோடு போட்ட ஒரு நோட்டில், பென்சில் எழுத்தில். கமகம் வருகிற இடத்தில் ஸ்வரத்துக்கு மேலே சின்ன அலைக்கோடு இருக்கும். நோட்டை யாருக்கும் தரமாட்டார், பாடித்தான் ஏற்றுவார். முதல் சரண ஸ்வரம் நீட்டி நின்று போகும். இரண்டாவது நடக்கும். கடைசி ஸ்வரம் ஓடி வந்து, சரணத்தின் எடுப்பில் சரியாகச் சேரவேண்டும். அந்தச் சேருமிடத்தை அவரும் நாங்களும் ஒன்றாகப் பாடிப் பாடியே பிடித்தோம். அவர் குரலுக்குள் எங்கள் குரல் நுழைந்துகொள்ளும். எங்கே தவறுகிறோம் என்று வாயால் சொல்லமாட்டார். அந்த இடத்தில் கொஞ்சம் அழுத்திப் பாடுவார், அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தில் பாட்டு இப்படித்தான் தங்கியிருக்கிறது. தியாகராஜர் ஸ்ரீரங்கத்துக்கும் லால்குடிக்கும் ஐந்தைந்து கிருதிகள் செய்தார். தீட்சிதர் திருவானைக்காவல் ஜம்புகேசுவரரை யமுனாகல்யாணியில் பாடினார். இவையெல்லாம் நம்மிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம், பாடம் கேட்டவர்கள் திரும்பப் பாடம் சொன்னதுதான்.

லால்குடிப் பக்கத்துப் பூவாளூரில் 1942-இல் பிறந்த திருச்சி சங்கரன் இதையே கடல் தாண்டிச் செய்தார். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர். சின்ன வயதிலேயே ஆலத்தூர் சகோதரர்களுக்கு மிருதங்கம் வாசித்தவர். 1971-இல் டொரன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய், நம்மூர் ரசிகர்கள் ஹிக்கின்ஸ் பாகவதர் என்று கொண்டாடிய ஜான் ஹிக்கின்ஸோடு சேர்ந்து அங்கே இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். இந்தோனேசிய காமெலான் குழுவுக்குப் புதிதாக இசை எழுதினார், ஜாஸ் கலைஞர்களோடு வாசித்தார். கூடவே, ஆதி தாளம் என்றால் என்னவென்றே தெரியாத மாணவர்களுக்குத் 'தத்தித்தோம்நம்' தொடங்கி வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார், அந்தப் பாடமுறையைப் புத்தகமாகவும் எழுதினார். 2011-இல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த வகுப்பறைகள்தான்.

இன்றைக்கு நான் பாடம் சொல்கிறேன். பாதிப் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள், மீதிப் பேர் திரைக்குள் இருக்கிறார்கள். திரையில் சேர்ந்து பாட முடியாது. என் குரல் போய் அவள் குரல் திரும்புவதற்குள் தாளம் நழுவிவிடும். அதனால் நான் பாடி நிறுத்த, அவள் பாட, நான் திருத்த, இப்படியே போகிறது. பாடம் நடக்கிறது, குரலுக்குள் குரல் நுழைவது நடப்பதில்லை. இதை ஈடுகட்ட நான் இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் கிடைத்ததும் சின்ன விஷயமில்லை. தீட்சிதர் தன் கிருதியை எப்படிப் பாடினார் என்று யாருக்கும் தெரியாது. லால்குடி தன் தில்லானாவை எப்படி வாசித்தார் என்று எந்தக் குழந்தையும் இன்று கேட்டுக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று உண்டு. அன்றைக்கு எங்களில் ஒரு பெண்ணைப் பார்த்து, 'நீயே ஒரு வர்ணம் பண்ணேன்' என்று யாரும் சொன்னதில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை. இன்று என் மாணவிகள் கூச்சமில்லாமல் செய்கிறார்கள். செயலியில் சுருதி வைத்து, பாடிப் பதிவு செய்து, சாயங்காலத்துக்குள் உலகத்துக்கே அனுப்பிவிடுகிறார்கள்.

எனக்குக் கவலை அதற்கு அடுத்த கட்டத்தில்தான். பாராட்டு வந்து குவிகிறது, ஆனால் அந்த வர்ணத்தை இன்னொருத்தி பாடுகிறாளா என்றால், இல்லை. அன்று இயற்றியவர் முகம் தெரியாமலே பாட்டு பரவியது. இன்று முகம், பெயர், தேதி எல்லாம் தெரிகிறது, பாட்டு மட்டும் செய்தவள் தொண்டையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

அதனால் என் வகுப்பில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். யார் புது உருப்படி கொண்டுவந்தாலும், பதிவு செய்வதற்கு முன் அதைத் தன்னைவிடச் சின்னவள் ஒருத்திக்குப் பாடம் பண்ணவேண்டும். போன வருஷம் ஒருத்தி நாட்டைக்குறிஞ்சியில் ஆதி தாள வர்ணம் செய்துகொண்டு வந்தாள். கடைசிச் சரண ஸ்வரம் இரண்டு ஆவர்த்தம், 64 ஸ்வரம், நடுவில் ஒரு கார்வைகூட இல்லை. அவள் பாடினால் ஜோராக இருந்தது. சின்னவள் பாடும்போது இரண்டாவது ஆவர்த்தத்தின் பாதியில் மூச்சு நின்றுவிட்டது. மறுபடி பாடினாள், அதே இடம். பெரியவளுக்கு முதலில் கோபம். "நன்னா மூச்சு எடுத்துண்டு ஆரம்பியேன்!" என்றாள். நான் பேசாமல் இருந்தேன். அப்புறம் அவளே பென்சிலை எடுத்து நாலு ஸ்வரத்தை அடித்துவிட்டு, மத்யமத்தில் கார்வை கொடுத்தாள். சின்னவள் அங்கே மூச்சு வாங்கினாள். ராகமும் அந்த மத்யமத்தில் வந்து நின்றது. முன்பு இருந்ததைவிட நன்றாகவே இருந்தது.

இப்போது அந்த வர்ணத்தைக் கனடாவில் ஒரு பையன் வயலினில் வாசிக்கிறான். அந்த இடத்துக்கு அவனுக்கு வில் போதவில்லையாம், இன்னும் இரண்டு ஸ்வரம் குறைக்க முடியுமா அக்கா என்று கேட்டு அவளுக்கு எழுதியிருக்கிறான்.