கண்ணாடி ஓட்டு ஒழுகல்: ஒரு காஞ்சி ஆராய்ச்சி

தண்ணீர் விஷயத்தில் காஞ்சிபுரத்தில் இரண்டு கட்சி. சின்ன காஞ்சிபுரத்து அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்துக்குள் நாற்பது ஆண்டு நீரிலேயே சயனித்திருப்பவர். 1979-க்குப் பிறகு 2019-ல்தான் மேலே வந்து 48 நாள் காட்சி தந்தார். பெரிய காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதரோ மணல் லிங்கம். அவர் திருமேனியில் நீர் படக்கூடாது, அபிஷேகமெல்லாம் ஆவுடையாருக்குத்தான். பிள்ளையார்பாளையத்துத் தறியில் ஏற்றிய பட்டுப் பாவு இந்த இரண்டாவது கட்சியைச் சேர்ந்தது. அதன் தலைக்கு நேர் மேலே வெளிச்சத்துக்காக ஒரு கண்ணாடி ஓடு. ஐப்பசி பிறந்ததும் அது ஒழுகும்.

பல்கலைக்கழகங்கள் கண்டுகொள்ளாத இந்தத் துறைக்கு இலக்கணமே முதல் சான்று. 'ஓடு' என்ற பெயர்ச்சொல் இரண்டாம் வேற்றுமை உருபை ஏற்றால் 'ஓட்டை' ஆகிறது. அதாவது, ஓடு சும்மா இருக்கும்வரை ஓடு. யாராவது அதைச் செயப்படுபொருள் ஆக்கினால் ஓட்டை. கொத்தனார் கூரையில் ஏறி இறங்கிய வீடுகளில் இந்த விதியைக் கண்கூடாகக் காணலாம்.

வரலாறு சுருக்கமானது. பாசல் மிஷன் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அந்த ஓட்டின் விளிம்பில் பள்ளமும் வரம்பும் உண்டு. பக்கத்து ஓட்டோடு பூட்டிக்கொள்ளும். அதே வடிவில் வார்த்ததுதான் கண்ணாடி ஓடு. நாட்டு ஓட்டுக் கூரைக்கு இந்தப் பூட்டு கிடையாது. நடுவில் ஒரு கண்ணாடித் துண்டைச் செருகிவிட்டு மேலே பார்த்துக் கும்பிட வேண்டியதுதான். டென்மார்க்கில் 1941-ல் தொடங்கிய வெலக்ஸ் நிறுவனம் கூரை ஜன்னலையே பெரும் தொழிலாக்கிவிட்டது. ரோமானியர்கள் இன்னும் நேர்மையானவர்கள். பாந்தியன் கோயிலின் குவிமாட உச்சியில் ஏறக்குறைய 9 மீட்டர் அகலத் துளையைக் கண்ணாடியே இல்லாமல் திறந்து விட்டார்கள். மழைநீர் வடியத் தரையில் ஓட்டைகளும் போட்டுவைத்தார்கள். அங்கே தறி இல்லை.

'கண்ணாடியை எடுத்துவிட்டு டியூப்லைட் போட்டால் என்ன?' என்பார் எதிர்வாதி. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் 2023 முதல் இருக்கிறதே என்று ஆதாரமும் காட்டுவார். அவர் பட்டுப் புடவை வாங்கிய அனுபவமில்லாதவர். கடையின் விளக்கு வெளிச்சத்தில் தேர்ந்தெடுத்த நிறம் வீட்டு வாசலுக்கு வந்ததும் வேறாகிப்போன துயரம் தமிழ்நாட்டின் பாதிக் குடும்பங்களுக்குத் தெரியும். எம்.எஸ். நீலம் மங்கிய குழல்விளக்கின் கீழ் கறுப்பு என்றே சாதிக்கும். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக, கரைக்குத் தனி நாடா ஓட்டிக் கோர்வை போடும் ஊர் இது. பகல் வெளிச்சத்தை விட்டால் இழையின் நிறத்தைப் பார்க்க வேறு வழியில்லை. ஆகவே கண்ணாடி இருந்தே தீரும்.

சொட்டும் நீர் பாவில் விழுந்தால் சாயம் இறங்கும், ஜரிகை கறுக்கும். தறிக்குக் கீழுள்ள கால்குழிக்குள் விழுந்தாலும் தொல்லைதான். மழைக்காலத்தில் குழியின் அடியில் ஏற்கனவே ஊற்று. மேலிருந்தும் வந்தால் மிதி மிதிப்பவர் கால் வாய்க்காலில். அத்தனை நாளும் கூலி இல்லை.

காரணம் என்ன? வேதாந்த தேசிகர் பிறந்த தூப்புல் இருக்கும் ஊரில் இதைத் தத்துவமாக அணுகுவதே முறை. வைணவத்தில் மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இரண்டு. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். முந்தையது வடகலையார் வழி, பிந்தையது தென்கலையார் வழி. ஓடு உடைவதும் குரங்காலோ பூனையாலோதான். உடைந்த பிறகு வீட்டுக்காரரும் இரண்டு வகை: ஏணியைப் பற்றிக்கொண்டு ஏறுபவர், வாளியை வைத்துவிட்டு அருளுக்குக் காத்திருப்பவர். எண்ணிக்கையில் வாளிக்காரர்களே அதிகம் என்று தோன்றுகிறது.

ஏறுபவரின் மருந்துகள் மூன்று: தார், எம்-சீல், கட்சி மாநாட்டு பிளெக்ஸ் பேனர். தலைவர் படம் வானத்தைப் பார்க்க வேண்டுமா, தறியைப் பார்க்க வேண்டுமா என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து வேறுபடும். பேனர் மழையோடு வெளிச்சத்தையும் தடுத்துவிடுவதால் ஆராய்ச்சிக்கு உதவாது. சிமென்ட் பூச்சு எல்லாவற்றிலும் மோசம். வெயிலில் கண்ணாடி சுட்ட மண்ணைவிடச் சற்று அதிகம் விரியும். சிமென்ட் இறுக்கிப் பிடித்தால் ஒன்று பூச்சு வெடிக்கும், அல்லது கண்ணாடி.

உண்மையில் கண்ணாடி பெரும்பாலும் நிரபராதி. மேல்வரிசை ஓடு கண்ணாடியின் மேல் ஏறி உட்கார வேண்டும். கண்ணாடி கீழ்வரிசையின் மேல். மேல்வரிசையைத் தூக்கச் சோம்பி, புதுக் கண்ணாடியை அதன் தலையில் ஏற்றிவைத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். மழை நேரே உள்ளே இறங்கும். பள்ளத்தில் வேப்பிலைச் சருகு அடைத்தாலும் இதே கதி. இன்னொன்று: சொட்டுகிற இடமும் நுழைகிற இடமும் ஒன்றல்ல. நீர் சட்டத்தின் அடியைப் பிடித்துக்கொண்டே சரிந்து, இரண்டு முழம் தள்ளி விழும். ஆகவே ஒருவர் உள்ளே அண்ணாந்து நிற்க, இன்னொருவர் கீழ்வரிசையிலிருந்து மேலே ஒவ்வொரு வரிசையாகச் செம்பால் நீர் ஊற்றிப் பார்ப்பதே சரியான சோதனை.

ஏறும் வாசகர்கள் புரட்டாசிக்குள் ஏறிவிடவும். முதலில் பாவின்மேல் தார்ப்பாய் விரிக்கவும். ஓட்டின் நடுவில் கால் வைக்காமல், கீழே சட்டம் ஓடும் இடம் பார்த்து மிதிக்கவும்.