ராஜா போட்ட கேம்ப்

மகன் ஹுன்னஸ்கிரியப் பக்கம் சர்வைவல் கேம்ப் போகிறான். காட்டில் எதுவுமே இல்லாமல் உயிர் பிழைக்கக் கற்றுத் தருவார்களாம். எதுவுமே இல்லாமல் பிழைப்பதற்கு அவன் கொண்டுபோகிற சாமான்கள்: டோர்ச், பவர் பேங்க், டின் மீன், நூடில்ஸ், ஒரு போத்தல் சீனிச் சம்பல், அட்டைக்குப் பூசச் சவர்க்காரம், 'எதுக்கும் இருக்கட்டும்' என்று அம்மம்மா திணித்த முறுக்கு. இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு கண்டி பஸ் ஸ்டாண்டைத் தாண்டினாலே பாதி சர்வைவல் முடிந்துவிடும்.

கேலி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அந்த மலைகளில் முன்னொரு காலத்தில் ஒளியப் போனவர்களின் லக்கேஜோடு ஒப்பிட்டால் என் பிள்ளை சந்நியாசி. அவர்கள் பட்டத்து ராணிகளையே கூட்டிக்கொண்டு போனவர்கள்!

கேம்ப் என்பதே வெள்ளைக்காரன் தந்த வித்தை என்று மகனுடைய சேர் சொல்லியிருக்கிறார். பேடன் பவல் 1907இல் பிரவுன்சீ தீவில் பையன்களைச் சேர்த்துக் கூடாரம் அடித்ததும், 1912இல் அவருடைய சாரணர் இயக்கம் நக்கிள்ஸ் மலைக்கு அந்தப் பக்கத்து மாத்தளையில் வந்து இறங்கியதும் உண்மைதான். ஆனால் சேர் மன்னிக்க வேண்டும். அதற்கெல்லாம் முன்பே கண்டி இராச்சியத்தில் கேம்ப் அடிப்பது பாதுகாப்பு அமைச்சின் வேலையாக இருந்தது.

எதிரி வருகிறானா? ஊரைக் காலி பண்ணு. பொன், பொருள், தந்ததாது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மலைக்குள் போ. மிச்சத்தை மழையும் காய்ச்சலும் அட்டையும் பார்த்துக்கொள்ளும். 1765இல் ஒல்லாந்தர் கண்டிக்குள் நுழைந்தார்கள். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் இல்லை. 1803இல் ஆங்கிலேயர் நுழைந்தார்கள். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இல்லை. வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பவும் முடியாமல், முத்துசாமி என்றொருவரைக் கொண்டுவந்து அரசனாக்கினார்கள். குடிமக்களே இல்லாத ராஜா. உலகத்திலேயே எதிர்க்கட்சித் தொல்லை இல்லாத ஆட்சி அதுவாகத்தான் இருக்கும்!

ஜூன் மாதம் காய்ச்சலில் சுருண்ட படை வெளியேறப் பார்த்தது. பெருக்கெடுத்த மகாவலி வழியை மறித்தது. பிறகு நடந்த கொலைகள் சிரிக்கிற விஷயம் இல்லை, தாண்டிப் போவோம்.

கண்டிச் சீமையில் மெய்யாகவே பிழைத்துக் காட்டியவர் என்றால் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டபோது வயது பத்தொன்பது. கூடவே கப்பல் கப்டனான அப்பாவும் மாட்டினார். பெற்றோரும் கலந்துகொள்ளலாம் என்கிற மாதிரி கேம்ப்! பாவம், அப்பா அடுத்த வருடமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மகனோ கிட்டத்தட்ட இருபது வருடம் தாக்குப்பிடித்தார். எப்படி? புலியோடு மல்லுக்கட்டியா? தொப்பி பின்னி விற்றார். கோழி வளர்த்தார். நெல்லைக் கடன் கொடுத்து ஐம்பது வீத வட்டி வாங்கினார். காட்டு நாட்டில் ஒரு கிழவரிடம் ஆங்கில பைபிள் கிடைத்தபோது, அதற்கும் ஒரு தொப்பியைத்தான் விலையாகக் கொடுத்தார்.

1679இல் வியாபாரி வேஷத்தில் நழுவி, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையில் போய் நின்றார். 1681இல் புத்தகமும் போட்டார். டானியல் டிஃபோ அந்தக் கதையைத் தன் நாவல் ஒன்றில் எடுத்துப் போட்டுக்கொண்டார். ராபின்சன் குரூசோவுக்கே நொக்ஸ்தான் விதை என்று சொல்பவர்களும் உண்டு.

சரி, நம்ம ராஜாவுக்கு வருவோம். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், வீட்டுப் பெயர் கண்ணுசாமி, நாயக்கர் வம்சம். 1798இல் பதினெட்டு வயதில் பட்டம். கண்டி வாவி அவர் வெட்டியதுதான். இன்று நாம் அதைச் சுற்றி ஷுகரைக் குறைக்க நடக்கிறோம். அன்று மண் சுமந்தவர்களுக்குக் குறைக்க ஷுகரும் இல்லை, ராஜாவை வாழ்த்த மனமும் இல்லை.

1815 பெப்ரவரி 14. ஆங்கிலப் படை மறுபடி கண்டிக்குள். ராஜா பழைய பாடத்தை ஒப்பித்து, இரண்டு ராணிகளோடு தும்பறை மலைப்பக்கம் மாயம். ஹுன்னஸ்கிரியவுக்குப் பக்கத்து மெதமஹாநுவர, ஆபத்துக் காலத்தில் ராஜ குடும்பம் ஒதுங்குகிற பரம்பரை இடம். எல்லாம் 1803 மாதிரியே நடக்கும் என்று நினைத்திருப்பார்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். காட்டில் ராஜா சமைப்பதில்லை. அரிசியைச் சுமந்து வருவதும், எதிரி எந்தக் கணவாயில் நிற்கிறான் என்று ஓடிவந்து சொல்வதும் ஊர்ச்சனம். 1814இல் எஹலப்பொலை என்ற பிரதானியின் மனைவியையும் பிள்ளைகளையும் கொல்லச் சொன்ன பிறகு அந்தச் சனத்தின் முகம் மாறிவிட்டது. பிரதானிகள் ஏற்கெனவே டொய்லி என்ற ஆங்கில அதிகாரியோடு ஓலைப் போக்குவரத்தில் இருந்தார்கள். ஊர் வம்பைச் சேகரித்தே ஒரு நாட்டைப் பிடித்த மனிதர் அவர்.

நாலே நாள். பெப்ரவரி 18இல் ராஜா பிடிபட்டார். குகையிலா, மரப்பொந்திலா என்று கேட்காதீர்கள். பொமுரே கிராமத்தில், உடுபிட்டிய குடும்பத்தாரின் வீட்டில்! இதை மகனிடம் சொன்னேன். பையின் சிப்பை இழுத்து மூட முடியாமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தவன், தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அது கேம்ப் இல்லப்பா. ஹோம்ஸ்டே."

பிடித்தவர்கள் எக்நெலிகொட என்ற பிரதானியின் ஆட்கள், உள்நாட்டுச் சனம். ராஜாவைக் காட்டுக்கொடியால் கட்டினார்கள். ராணியின் காதணியைப் பிய்த்தெடுத்தார்கள். இரத்தக்கறை படிந்த அவர் சட்டை கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. அதற்கு முன்னால் நிற்கும்போது எனக்கு ஒரு பகிடியும் வருவதில்லை.

1816 சனவரியில் ராஜாவைக் கப்பலேற்றி, கடைசியில் வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832இல் அங்கேயே கண்ணை மூடினார். இதற்கிடையே தேசாதிபதி பிரவுன்றிக்குக்குப் பரனெட் பட்டம் கிடைத்தது. அவர் குடும்பச் சின்னத்தில் கண்டி மன்னரின் மகுடத்தையும் செங்கோலையும் வரைந்துகொள்ள அனுமதியும் கிடைத்தது. காட்டில் நனைந்தவர் ராஜா, ராஜாவைத் தேடிக் காடெல்லாம் அலைந்தவர்கள் எக்நெலிகொடவின் ஆட்கள், பேட்ஜ் மட்டும் தேசாதிபதிக்கு.