முகூர்த்தத் தலைவர்

எந்தப் பேட்டையிலும் இப்படி ஒருவர் இருப்பார். நடைப்பயிற்சியாளர் சங்கத் தலைவர், குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர் என்று பதவிதான் மாறும்; சட்டைப்பையில் இருக்கும் பஞ்சாங்கம் மாறாது. பூங்கா என்றதும் திறப்பு விழாத் தேதிதான் அவருக்கு முதலில் வேண்டும். வளர்பிறை, நல்ல நேரம், எம்.எல்.ஏ. ஊரில் இருக்கும் நாள் மூன்றும் கூடிவரும் ஒரு ஞாயிறைப் பிடித்துவிடுவார். அழைப்பிதழ் அச்சாகும். ஷாமியானா, மைக்செட், கேசரி எல்லாம் சொல்லியாகிவிடும். அதற்கப்புறம்தான், வருகிறவர்கள் உட்கார ஏதாவது வேண்டுமே என்று தோன்றும்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது சிமெண்டு பெஞ்சு வார்க்கும் பட்டறையில் போய் நிற்பார்.

"இருபது பெஞ்சு வேணும் தம்பி. வர்ற ஞாயிறு இல்ல, அதுக்கடுத்த ஞாயிறு."

"அண்ணே, அச்சு ரெண்டுதான் இருக்கு. வார்க்கவே பத்து நாள் ஆகும். அப்புறம் சாக்குப் போட்டு ஒரு வாரமாச்சும் தண்ணி ஊத்தணும்ணே."

"அவ்வளவுதானே? தண்ணிய நான் லாரியில அனுப்புறேன். ரெண்டே நாள்ல ஊத்தி முடிச்சிரு!"

கான்கிரீட்டின் வலுவுக்கு 28 நாள் கணக்கு என்பது கொத்தனார் முதல் இன்ஜினியர் வரை அறிந்தது. தலைவருக்கும் தெரியும். தன் வீட்டு மொட்டைமாடியில் பாத்தி கட்டி, மூன்று வாரம் தண்ணீர் தேக்கிக் காவல் இருந்தவர்தானே! அவசரமெல்லாம் ஊர்ப் பெஞ்சுக்குத்தான். ஆடியில் விழா வைக்கவும் மாட்டார். சும்மா கிடக்கும் அந்த மாதத்தில் வார்த்துப் போட்டால் ஆவணி முகூர்த்தத்துக்குக் கல்லாட்டம் தயாராக இருக்கும். இதை அவரிடம் யார் சொல்வது? ஐப்பசி அடைமழையில் பெயிண்ட் காயாது, தீபாவளிக்குப் போன ஆட்கள் சொன்ன நாளில் திரும்ப மாட்டார்கள் என்பதெல்லாமும் ஒவ்வொரு வருஷமும் அவருக்குப் புதுச் செய்திதான்.

விழாவன்று குட்டியானையில் ஆறு பெஞ்சு வந்து இறங்கும். அதில் இரண்டுக்கு ஓரம் பெயர்ந்திருக்கும். மற்றதைச் சுற்றிக் கயிறு கட்டி, 'உட்காராதீர்' என்று அட்டை தொங்கவிட்டிருப்பார்கள். ஊரார் வாடகை பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, பெஞ்சுகளின் அருமை பெருமை பற்றிய உரையைக் கேட்பார்கள்.

கல்வெட்டு மட்டும் ஒரு மாதம் முன்பே வந்து, துணி போர்த்திக் காத்திருக்கும். அதில் தலைவர் பெயர் மூன்றாவது வரியில் பொன்னெழுத்தில் மின்னும்.

ஐயா, ஒரே ஒரு வேண்டுகோள். கல்வெட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே, போகிற வழியில் பெஞ்சுக்கும் கொடுத்துவிடுங்கள்.