நான்கு உறுதிப்பொருள்களும் ஒரு நாட்குறிப்பேடும்

திட்டமிடும் ஆற்றலும் நேரத்தை அளந்துணரும் ஆற்றலும் எளிதில் ஒத்துழைக்காத நரம்பு வளர்ச்சி நிலையாகிய கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு (ஏடிஹெச்டி) உடையோர், அறம், பொருள், இன்பம், வீடு என்னும் புருடார்த்தங்களை நாட்குறிப்பேட்டில் நான்கு வண்ணக் கட்டங்களாக வகுத்துக்கொண்டால் அன்றாடம் சீர்படும் என்றோர் அறிவுரை உண்டு. மின்கட்டணம் செலுத்துவது பொருளின்பாற்படுமா அறத்தின்பாற்படுமா என்னும் ஆராய்ச்சியிலேயே கெடு கடந்துவிடுவதும், வண்ணப் பேனாத் தேர்விலேயே அன்றைய இன்பத்தின் பங்கு முற்பகலுக்குள் தீர்ந்துவிடுவதும் அவ்வறிவுரையில் இடம்பெறுவதில்லை. பாலப் பருவத்தில் கல்வி முதலிய பொருள், இளமையில் இன்பம், முதுமையில் அறமும் வீடும் எனப் பங்கிட்ட வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம், ஆயுள் நிலையற்றதாகையால் வாய்த்தபோது வாய்த்ததைப் பின்பற்றலாம் என்று அடுத்து விதியைத் தளர்த்தியும் விடுகிறது. இத்தளர்வை மட்டும் ஏடிஹெச்டி உடையோர், நூலைத் திறவாமலேயே, பிழையின்றிக் கடைப்பிடித்து வருகின்றனர்.