அந்தமான் அந்துப்பூச்சிக்குப் பெயர் சூட்டுவது எப்படி?

கேள்வி: அந்தமான் காட்டில் இதுவரை யாரும் பார்த்திராத அந்துப்பூச்சி ஒன்று விளக்கடிக்கு வந்தால், மறுநாளே பெயர் சூட்டிவிடலாமா?

பதில்: முதலில் 1877-ஐத் தாண்ட வேண்டும், அதாவது யாராவது முன்பே பெயர் வைத்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டில் பூச்சியியலாளர் பிரெடரிக் மூர் அந்தமான், நிக்கோபார் தீவுகளின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பற்றி லண்டன் விலங்கியல் சங்கத்தின் இதழில் விரிவாக எழுதினார். ஆந்தெரேயா அந்தமானா என்ற டசார் பட்டுப்பூச்சிக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். அடுத்து, பூச்சியியலாளர் ஹாம்ப்சன் 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளாக எழுதிய இந்திய அந்துப்பூச்சி நூல். அதற்கும் பிறகு, 1911-இல் பூச்சியியலாளர் ஜோர்டான் பெயரிட்ட சாமியா ஃபுல்வா போன்ற பட்டுப்பூச்சிகள். பழைய விவரிப்புகள் பல, இறகின் நிறம், கோடு, புள்ளி என்று சில வரிகளில் முடிந்துவிடும். அதை மட்டும் படித்து ஒரு பூச்சியை அடையாளம் காண்பது கடினம். அந்த எழுத்துக்கு ஆதாரமாக இருந்த பூச்சியையே பார்க்க வேண்டும். மூர் விவரித்தவற்றில் பல இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஊசியில் குத்தியபடி இருக்கின்றன.

கேள்வி: பக்கத்தில் வைத்துப் பார்க்க இந்தியப் பெருநிலத்துப் பூச்சிகள் போதாதா?

பதில்: போதாது. அந்தமானின் உயிரினங்களுக்கு மியான்மரோடு உறவு அதிகம், நிக்கோபாருக்குச் சுமத்ராவோடு. இரண்டு தீவுக் கூட்டங்களுக்கும் நடுவே சுமார் 150 கிலோமீட்டர் அகலத்தில் பத்து டிகிரி கால்வாய் கிடக்கிறது. சென்னையில் இருக்கும் பூச்சிப் பெட்டிகளோடு மட்டும் ஒப்பிட்டுவிட்டு ‘புதியது’ என்று அறிவித்தால், அதே பூச்சி சுமத்ராவில் பழைய பெயரோடு பறந்துகொண்டிருக்கலாம். அப்போது முந்திய பெயரே நிற்கும். பிந்தியது வெறும் மாற்றுப்பெயராகிவிடும்.

கேள்வி: கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டை எப்படிப் பிரிப்பது?

பதில்: வால் நுனியைக் கேட்க வேண்டும். காய்ந்த பூச்சியின் வயிற்றுப் பகுதியை மட்டும் கழற்றி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் 10 சதவீதக் கரைசலில் ஊறவைப்பார்கள். தசையும் கொழுப்பும் கரைந்துபோகும். கைட்டின் என்ற கடினப் பகுதி மிஞ்சும். மெல்லிய தூரிகையால் செதில்களைத் தள்ளிவிட்டு நுண்ணோக்கியில் வைத்தால், ஆணின் இனப்பெருக்க உறுப்பில் இருபுறமும் பற்றுவதற்கான மடல்கள், மேலே வளைந்த கொக்கி, நடுவே குழாய், சிலவற்றில் அதற்குள் முட்கள் எல்லாம் துலக்கமாகத் தெரியும். இறகின் நிறம் வெயிலில் வெளிறும், செதில் உதிரும். இந்த வடிவங்கள் அப்படி மாறுவதில்லை. அந்துப்பூச்சி ஆய்வில் இதைவிட நம்பகமான சான்று குறைவு. இப்போது மரபணுவின் ஒரு துண்டையும், சுமார் 658 எழுத்துகளை, படித்து ஒப்பிடுகிறார்கள். ஆனால் எழுத்து வேறுபாடு மட்டும் போதாது. உடலும் அதையே சொல்ல வேண்டும்.

கேள்வி: தீவில் கொஞ்சம் வேறாக இருந்தாலே தனிச் சிற்றினமா?

பதில்: இங்கேதான் பெரிய தகராறு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் பெரிய அட்லஸ் அந்துப்பூச்சி அட்டகஸ் தப்ரோபானிஸ். இமயமலை அடிவாரத்திலிருந்து தென்கிழக்காசியா வரை இருப்பது அட்டகஸ் அட்லஸ். அந்தமானில் இருப்பதற்கு 1914-இல் பூச்சியியலாளர் வாட்சன் வைத்த பெயர் அட்டகஸ் மெக்மல்லெனி. மூன்றும் தூரத்திலிருந்து பார்த்தால் அக்காள் தங்கைகள். கடல் பிரித்துவைத்த கூட்டம் மெல்ல மாறிக்கொண்டே போகும். எந்தக் கட்டத்தில் அதைத் துணைச் சிற்றினம் என்பது, எந்தக் கட்டத்தில் சிற்றினம் என்று சொல்வது என்பதில் அறிஞர்கள் எல்லாருக்கும் ஒரே முடிவு இருப்பதில்லை. ஒற்றைப் பூச்சியை வைத்து இதைத் தீர்க்க முனைவது தவறு. பல தீவுகளிலிருந்து ஆண், பெண் இரண்டிலும் பல மாதிரிகள் வேண்டும்.

கேள்வி: பெயர் வைத்த பிறகு பூச்சியை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. பெயருக்கு உரிய ஒரே ஒரு பூச்சியை ‘ஹோலோடைப்’ என்று குறிப்பார்கள். 1999-க்குப் பிறகு வெளியாகும் பெயர்களுக்கு, இப்படிப் பெயர்தாங்கும் மாதிரி எது, எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்பதைக் கட்டுரையிலேயே சொல்ல வேண்டும் என்பது சர்வதேச விதி. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி, இந்தியாவில் புதிதாகக் கண்டறிந்ததை அதற்கென அறிவிக்கப்பட்ட நிறுவனத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு இந்திய விலங்கியல் ஆய்வகம் அத்தகைய நிறுவனம். போர்ட் பிளேரில், இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், அதன் வட்டார மையம் 1977 முதல் இயங்குகிறது. மாதிரியின் ஊசியில் கோத்த சிறு சீட்டில் இடம், தேதி, சேகரித்தவர் பெயர் இருந்தாக வேண்டும். சீட்டில்லாத பூச்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வுக்கு அரைப் பயன்தான்.

கேள்வி: மாமியார் பெயரை வைக்கலாமா?

பதில்: தாராளமாக. பெண் பெயருக்குக் கடைசியில் ‘ஏ’ ஒலி, ஆண் பெயருக்கு ‘இ’ ஒலி சேரும். மேலே கண்ட மெக்மல்லெனி அந்த வகை. எழுதுவது லத்தீன் எழுத்தில். அதே பேரினத்தில் அந்தப் பெயர் முன்பே இருக்கக் கூடாது. தன் பெயரையே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, ஆனால் நல்ல ஆய்வாளர்கள் வைப்பதில்லை. இணைய இதழில் மட்டும் வெளியிட்டால், 2012 முதல் உள்ள ஏற்பாட்டின்படி விலங்குப் பெயர்களுக்கான ஸூபேங்க் பதிவேட்டிலும் பதிய வேண்டும்.

கேள்வி: அத்தோடு வேலை முடிந்ததா?

பதில்: பாதி முடிந்தது. அட்லஸ் போன்ற பட்டுப்பூச்சிக் குடும்பத்துப் பூச்சிகளுக்கு வளர்ந்தபின் உண்ணும் வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்தே ஓரிரு வாரம் வாழும். ஆகவே புதிய பூச்சியின் வாழ்க்கையை அறிய, எந்த மரத்தின் இலையில் முட்டையிடுகிறது, புழு எதைத் தின்கிறது, எங்கே கூடு கட்டுகிறது என்று தேட வேண்டும். ஊசியில் உள்ள பூச்சி இதைச் சொல்லாது. அந்த மரம் நிற்கும் காட்டுக்கே திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும்.